இருபத்தேழு புள்ளி எட்டு

கோதண்டராமன் சார் போனில் 'ஹலோ' சொல்வதற்கு முன்னாலேயே தன் பதவியைச் சொல்லிவிடுவார். "ஹெட், ஐ.டி. பேசறேன்." மாதனூரைத் தாண்டி ஹைவேயை ஒட்டி இருக்கும் ஒரு ஷூ கம்பெனியில் அவர் ஐ.டி. ஹெட். அந்த ஐ.டி.யில் தலை மட்டும்தான் உண்டு, கை கால் என்று வேறு யாரும் கிடையாது. கை கால் வேலை வந்தால் வேலூரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருக்கிற ஆல்வினைக் கூப்பிடுவார்கள். அந்த ஆல்வின் நான்தான்.

"ஆல்வின், கட்டிங் ஹால் சிஸ்டத்துல லினக்ஸ் கெர்னலை அப்கிரேடு பண்ணினேன். அதுலேர்ந்து சென்சார் ரீடிங் சிலது வரலை. அது பெரிய விஷயம் இல்ல. நீங்க வந்து சிஸ்டம் ஓகேன்னு ஒரு சர்டிபிகேட் குடுத்துட்டுப் போயிடுங்க."

"ரீடிங் வரலைன்னா எப்படி சார் ஓகேன்னு குடுக்கறது?"

"வருதுப்பா. இருபத்தேழு புள்ளி எட்டு டிகிரி. சிஸ்டம் செம கூலா இருக்கு. மத்ததுதான் வரலைன்னு சொல்றேன்."

மே மாதம் அது. என் கடை ஷட்டரைப் பகல் பதினொரு மணிக்கு வெறுங்கையால் தொட முடியாது. அந்த வெயிலில், தகரக் கூரைக்குக் கீழே, நாள் முழுக்க ஓடுகிற ஒரு கம்ப்யூட்டர் இருபத்தேழு புள்ளி எட்டு டிகிரியில் இருக்கிறதாம். ஏலகிரி மலைக்கு மேலே கொண்டுபோய் வைத்தாலும் அது நடக்காது. படித்த மனிதர் வாய் கூசாமல் சொல்கிறாரே என்று எரிச்சலாக வந்தது. ஆனால் சர்டிபிகேட்டை ஏன் இவ்வளவு அவசரமாகக் கேட்கிறார் என்பது மட்டும் உறுத்தியது. பைக்கை எடுத்தேன்.

கேட்டில் என் செல்போனை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டார்கள். நான் ஷூ டிசைனைப் படம் பிடித்து இத்தாலிக்கு விற்றுவிடுவேனாம். அந்த டிசைனே இத்தாலியிலிருந்து வந்ததுதான்.

கட்டிங் ஹாலில் என்னை முதலில் பார்த்தது சூப்பர்வைசர் அப்துல் சமத் பாய். பழைய பழக்கம். "வா தோஸ்த். நல்ல நேரத்துக்கு வந்த. இங்க பேஜார் ஜாஸ்தி ஆயிப்போச்சு" என்று என்னைத் தோல் வெட்டும் மெஷின் பக்கம் அழைத்துப் போனார்.

பெரிய மேஜை மாதிரி இருக்கும் அந்த மெஷின். அதில் முழுத் தோலை விரித்துப் போட்டு, எங்கே வடு, எங்கே ஓட்டை என்று ஆபரேட்டர் குறித்துக் கொடுக்க வேண்டும். பக்கத்தில் இருக்கும் லினக்ஸ் கம்ப்யூட்டர் அந்த வடுக்களை ஒதுக்கி, ஷூவுக்கு வேண்டிய துண்டுகளைத் தோலில் நெருக்கமாக அடுக்கிக் காட்டும். பிறகு கத்தி தானே ஓடி வெட்டும். கம்ப்யூட்டர் நடுவில் செத்தால் கத்தி அப்படியே நிற்கும். மறுபடி ஆரம்பித்தால் கோடு சேராது. அந்தத் தோல் பாழ். கெர்னல் மாற்றியதிலிருந்து இப்படிப் பல தடவை ஆகிவிட்டது என்றார் பாய்.

மெஷின் ஓடவில்லை. அதன் ஆபரேட்டர் ஓரத்தில் ஸ்டூலில் உட்கார்ந்து வெட்டுத்துண்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தாள். அம்பிகா. மாதனூர்க்காரி. கையால் தோல் வெட்டும் மேஜையில் வருஷக்கணக்காக நின்று, பிறகு இந்த மெஷினுக்கு வந்தவள். இந்தக் கம்பெனியில் மெஷினில் உட்கார்ந்த முதல் பெண்பிள்ளை.

"இன்னா பாய், அவங்கள ஏன் அங்க உக்கார வெச்சிருக்கீங்க?" என்றேன்.

பாய் பதில் சொல்வதற்குள் கோதண்டராமன் வந்துவிட்டார். கழுத்தில் அடையாள அட்டை, அதே கயிற்றில் ஒரு பென்டிரைவ். "அவங்கதான் காரணம். லஞ்ச் பாக்ஸை சி.பி.யு. மேல வெச்சு சாப்பாட்டை சூடு பண்றாங்க. அதான் சிஸ்டம் ஹீட் ஆகி ட்ரிப் ஆகுது. ஹால்ல எல்லார் முன்னாடியும் கூப்பிட்டு வார்ன் பண்ணிட்டேன். நீங்க சிஸ்டம்ல ஃபால்ட் இல்லைன்னு எழுதிக் குடுத்தா எச்.ஆர். இன்னிக்கே பேக்கிங்குக்கு மாத்திடும்."

இதற்குத்தான் சர்டிபிகேட். நான் கையெழுத்துப் போட்டால் அம்பிகா அட்டைப்பெட்டி ஒட்டப் போக வேண்டும். மெஷினைக் கெடுத்தவள் என்ற பெயரோடு போனால், இந்த ஹைவேயில் எந்தக் கம்பெனியும் அவளை மறுபடி மெஷின் பக்கம் சேர்க்காது.

"நான் டப்பாவ வெக்கல சார்" என்றாள் அம்பிகா, ஸ்டூலில் இருந்தபடியே. "ஒரு நாள்கூட வெக்கல. இவர் சொன்னதுல இருந்து கம்பெனி பஸ்ல ஏற முடியல. 'அக்கா, என் டப்பாவையும் கொஞ்சம் சுட வெச்சுக் குடு'ன்றாங்க. எங்க தெருவுல பசங்ககூட கேக்குதுங்க."

"நான் பார்த்தேன்" என்றார் கோதண்டராமன்.

"டப்பாவையா பாத்தீங்க?" என்றாள்.

"டப்பா வெச்ச மார்க்கை. ரவுண்டா. மேல இருந்தது."

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "சார், போன்ல நீங்கதான சொன்னீங்க, சிஸ்டம் இருபத்தேழு புள்ளி எட்டுல இருக்குன்னு? அந்த சூட்டுல சோறு எப்படி சார் சுடும்? வெளிய வெயில்ல வெச்சாலே இதவிட நல்லா சுடுமே."

அவர் என்னைப் பார்த்த பார்வையில், அடுத்த மாதம் வேறு சர்வீஸ்காரன் தேட வேண்டும் என்ற முடிவு தெரிந்தது. தேடட்டும்.

கம்ப்யூட்டர் மேஜைக்குக் கீழே இருந்தது. குனிந்து பார்த்தேன். அதற்குச் சட்டை போட்டிருந்தார்கள். நல்ல காபிக்கொட்டை நிறத் தோலில், அளவெடுத்து, ஓரம் மடித்து, இரட்டைத் தையல் போட்டு, நெற்றியில் கம்பெனி முத்திரை அழுத்தி, பெட்டி முழுவதையும் மூடி ஒரு உறை. கல்யாண மாப்பிள்ளைக்குக்கூட அவ்வளவு பொருத்தமாக யாரும் தைத்திருக்க மாட்டார்கள்.

"இது எப்ப வந்தது?"

"கெர்னல் அப்கிரேடு பண்ணின வாரம்தான். நம்ம ஷூ வாங்கற வெளிநாட்டுக் கம்பெனிலேர்ந்து ஆடிட் பண்ண வந்தவங்க கம்ப்யூட்டர்ல தோல் தூசி இருக்குன்னு எழுதிட்டுப் போயிட்டாங்க. எம்.டி. சாரோட சொந்த ஐடியா இது. சாம்பிள் ரூம்ல தைக்கச் சொன்னார்."

"இதுதான் சார் பிரச்சனை. மூச்சு விட முடியாம மூடி வெச்சிருக்கீங்க."

"எம்.டி. சார் ஐடியான்னு சொன்னேனே. காத்து போகப் பஞ்சிங் போட்டிருக்கு பாருங்க." உண்மைதான், பக்கவாட்டில் பூப்பூவாக ஓட்டை போட்டிருந்தார்கள். "சும்மா வாயால சொன்னா எம்.டி. கிட்ட நான் எப்படிப் போய் நிக்கறது? நம்பர் காட்டுங்க. நம்பர் இருபத்தேழு புள்ளி எட்டுதான் காட்டுது."

சரி, நம்பர்தானே வேண்டும்.

கீபோர்டு முன்னால் உட்கார்ந்தேன். கம்ப்யூட்டருக்குள் என்னென்ன சூடு, காற்றாடி என்ன வேகம் என்று கேட்கிற கட்டளையைக் கொடுத்தேன். ஒரே ஒரு வரி வந்தது. இருபத்தேழு புள்ளி எட்டு. கொஞ்சம் பொறுத்து மறுபடி கேட்டேன். இருபத்தேழு புள்ளி எட்டு. சிப்பை நன்றாக உழைக்க வைக்கும் ஒரு வேலையைக் கொடுத்துவிட்டுக் கேட்டேன். காற்றாடி கத்துகிறது, எண் மட்டும் அசையவில்லை.

"பாத்தீங்களா, ஸ்டெடி" என்றார் கோதண்டராமன் பெருமையாக.

"செத்தவன் நாடிகூட ஸ்டெடியாத்தான் சார் இருக்கும். இது அளவே இல்ல. மதர்போர்டு செஞ்சவன் சும்மா ஒரு நம்பரை எழுதி வெச்சிருக்கான். யார் கேட்டாலும் அதையே சொல்லும். நிஜமா அளக்குற சென்சார் வேற. அது ஒண்ணும் பேச மாட்டேங்குது."

முன்பெல்லாம் திரை மூலையில் ஒரு சின்னக் கட்டம் இருக்கும், சூடு ஏறினால் அது சிவந்து கத்தும் என்றாள் அம்பிகா. கத்தினால் அவள் கத்தியை நிறுத்தி ஆறவிடுவாள். அப்கிரேடுக்குப் பிறகு அந்தக் கட்டம் காலியாக இருக்கிறது. அதையும் அன்றைக்கே போய்ச் சொல்லியிருக்கிறாள். 'சத்தம் வரலைன்னா நல்லதுதானே' என்று கோதண்டராமன் அனுப்பிவிட்டாராம்.

கெர்னல் என்பது லினக்ஸின் அடிவேர். கம்ப்யூட்டரின் ஒவ்வொரு உறுப்போடும் அதுதான் பேசும். ஒவ்வொரு உறுப்புக்கும் அதனிடம் ஒரு டிரைவர் இருக்க வேண்டும். எந்தெந்த சென்சார் சிப் இருக்கிறது என்று தேடச் சொன்னேன். தேடிப் பார்த்துவிட்டு, இரண்டு சென்சார் சிப்பும் பத்திரமாக இருக்கின்றன, இந்தப் பெயருள்ள டிரைவர்களை ஏற்று என்று அதுவே சொன்னது. ஏற்றினேன். 'அப்படி ஒரு டிரைவர் இங்கே இல்லை' என்று வந்தது. புது கெர்னலின் டிரைவர்கள் இருக்கும் இடத்தைத் திறந்து பார்த்தேன். சூடு அளக்கும் டிரைவர்கள் இருக்க வேண்டிய அறை துடைத்துவிட்ட மாதிரி கிடந்தது. மூளை வந்திருக்கிறது, தோலில் உணர்ச்சி இல்லை.

"பழைய கெர்னலை ஏத்திப் பாக்கலாம் சார். அதுல இருக்கும்."

"அதை டெலிட் பண்ணிட்டேன். அடுத்த ஆடிட் வருதில்ல, பழைய வெர்ஷன் இருந்தா கேப்பாங்க."

வெளிநாட்டுக்காரன் பார்க்க வருகிறான் என்றால் இந்த ஊர்க் கம்பெனிகளுக்கு ஒரு காய்ச்சல் வரும். காலையில் கையுறை கொடுத்து சாயங்காலம் திருப்பி வாங்குவார்கள். தீயணைப்பு சிலிண்டருக்குப் பெயின்ட் அடிப்பார்கள், உள்ளே வாயு இருக்கிறதா என்று பார்க்க மாட்டார்கள். இவர் கெர்னலுக்குப் பெயின்ட் அடித்திருக்கிறார்.

"இந்த சிஸ்டத்துல நெட் கிடையாதே. எப்படி அப்கிரேடு பண்ணீங்க?"

கழுத்துக் கயிற்றைத் தூக்கிக் காட்டினார். "பென்டிரைவ்ல கொண்டு வந்து கைல இன்ஸ்டால் பண்ணேன். ஃபைல் எல்லாம் இதுலதான் இருக்கு."

"குடுங்க."

கொடுத்தார். கயிற்றிலிருந்து கழற்றத் தெரியாமல் அடையாள அட்டையோடு சேர்த்துக் கொடுத்தார். செருகித் திறந்தேன். கெர்னல் ஒரே பொட்டலமாக வருவதில்லை, பல பொட்டலங்களாக வரும். எல்லாம் வரிசையாக இருந்தன. எது எது ஏறியிருக்கிறது என்று பார்த்தேன். ஒன்று ஏறவில்லை. அதன் பெயரில் 'எக்ஸ்ட்ரா' என்று இருந்தது.

"இதை ஏன் சார் விட்டீங்க?"

"எக்ஸ்ட்ராதானே. தேவையில்லாததை எதுக்கு ஏத்தணும்? நான் எப்பவும் மினிமல் இன்ஸ்டால்."

"சூடு அளக்குற டிரைவர் எல்லாம் இதுக்குள்ளதான் சார் இருக்கு."

"அப்போ எக்ஸ்ட்ரான்னு ஏன் பேர் வெச்சான்?"

ஒரு பொம்பளையின் பிழைப்பைக் கெடுக்கிற அளவுக்குப் போய்விட்டு, பேர் வைத்தவன் மேல் குறை சொல்கிறார். அந்த மருந்து இத்தனை நாளும் அவர் கழுத்திலேயே தொங்கியிருக்கிறது. நான் அதை ஏற்றினேன், டிரைவர்களைக் கூப்பிட்டேன், மறுபடி கட்டளையைக் கொடுத்தேன்.

இந்தத் தடவை திரை நிறைய வரிகள் வந்தன. காலியாகக் கிடந்த மூலைக் கட்டமும் விழித்துக்கொண்டது. சிப்பின் சூடு எழுபத்தெட்டு. காற்றாடி தன் முழு வேகத்தில் சுற்றிக்கொண்டிருந்தது.

"ஃபேன் சுத்துதில்ல, அப்புறம் என்ன?" என்றார் கோதண்டராமன்.

"அம்பிகா, வாங்க. வந்து மெஷினை ஓட்டுங்க."

"அவங்க தொடக்கூடாதுன்னு சொல்லியிருக்கேன்."

அப்துல் சமத் பாய் குறுக்கே வந்தார். "அப்ப நீங்க ஓட்டுங்க சார். தோலை விரிச்சி வடு குறிச்சிக் குடுங்க. எங்களுக்கும் பாக்கணும்னு ரொம்ப ஆசை."

கோதண்டராமன் விலகி நின்றார். அம்பிகா எழுந்து வந்தாள். ஒரு தோலை எடுத்து மேஜையில் வீசி விரித்தாள், உள்ளங்கையால் ஒரு முறை தடவினாள், மளமளவென்று வடுக்களைக் குறித்தாள். கத்தி ஓட ஆரம்பித்தது. நான் எண்ணை வாய்விட்டுப் படித்தேன். எண்பத்திரண்டு. எண்பத்தாறு. கட்டம் சிவந்து கத்த ஆரம்பித்தது. தொண்ணூறு. தொண்ணூற்று மூன்று. சத்தம் கேட்டுப் பக்கத்து மேஜைக்காரர்கள் கத்தியைக் கீழே வைத்துவிட்டு வந்தார்கள்.

"நூறைத் தொட்டா சிப் தன்னைக் காப்பாத்திக்கக் கரன்டை அணைச்சுக்கும். அதுதான் சார் உங்க ட்ரிப். இங்க எங்கயாவது சோத்து டப்பா தெரியுதா?"

குனிந்து அந்த உறையை உருவினேன். எத்தனை நாள் சூடோ, கையில் தோசைக்கல் மாதிரி சுட்டது. மேலே வட்டமாக ஒரு தடம் உண்மையிலேயே இருந்தது. சாம்பிள் ரூமில் யாரோ பசை டப்பாவை வைத்த தடம், பசைகூட ஓரத்தில் காய்ந்து ஒட்டியிருந்தது. எண் கீழே இறங்கியது. எண்பத்தைந்து, எழுபத்தேழு, அறுபத்தாறு. கட்டம் சத்தத்தை நிறுத்தியது. மெஷின் மட்டும் அதே வேகத்தில் வெட்டிக்கொண்டே இருந்தது.

"ஆனா பஞ்சிங் இருக்கே" என்றார் கோதண்டராமன். குரலில் பழைய தெம்பு இல்லை.

பேனா ரீஃபிலை எடுத்து அந்தப் பூ ஓட்டைக்குள் விட்டேன். உள்ளே போகவில்லை. உறையைத் திருப்பிப் போட்டேன். உள்பக்கம் முழுக்க மெத்தென்று லைனிங் வைத்துத் தைத்திருந்தார்கள். ஷூ முகப்பில் அழகுக்குப் போடுவார்களே, அதே ஓட்டை. ஷூவுக்கு எப்படித் தைப்பார்களோ அப்படியே கம்ப்யூட்டருக்கும் தைத்துக் கொடுத்திருக்கிறார்கள். இத்தனை ஷூ தெரிந்த ஆட்கள் இருக்கிற கம்பெனியில் ஒருவரும் வாய் திறக்கவில்லை. எம்.டி. ஐடியா அல்லவா. ஓட்டை மூடியிருக்கிறது என்று சொல்லிப் பெயர் கெட்டுப்போவதைவிட, ஒரு பெண்பிள்ளை டப்பா வைத்தாள் என்று சொல்வது எல்லாருக்கும் சுலபமாக இருந்திருக்கிறது.

பாய் உறையை என் கையிலிருந்து வாங்கி மறுபடி மாட்டினார். "ஒரு தபா பாத்தா போதாது தோஸ்த்" என்றார். எண் ஏறியது, கட்டம் கத்தியது. உருவினார். இறங்கியது. கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. மூன்றாவது தடவை மாட்டப் போனபோது நானே தடுத்துவிட்டேன்.

சாப்பாட்டு மணி அடித்தது. யாரும் நகரவில்லை. ஹால் பூராவும் மெஷினைச் சுற்றி நின்றது.

"சார், அன்னைக்கு எல்லார் முன்னாலயும் சொன்னீங்க" என்றார் பாய். "இப்பவும் எல்லாரும் இருக்காங்க."

கோதண்டராமன் கைக்குட்டையால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். எம்.டி.யின் ஐடியா தப்பு என்று சொல்ல அவருக்கு நாக்கு வராது, தன் அப்கிரேடு தப்பு என்று சொல்லத் தலைக்கனம் இடம் கொடுக்காது. தொண்டையைச் செருமி, நெஞ்சை நிமிர்த்தி, மீட்டிங்கில் பேசுகிற குரலில் ஆரம்பித்தார்.

"தேர் வாஸ் எ டெக்னிக்கல் இஷ்யூ இன் தி சென்சார் மாட்யூல். த சேம் ஹாஸ் பீன் ரெக்டிஃபைடு. யூ மே ஆல் ப்ரொசீட் ஃபார் லஞ்ச்."

பாதிப் பேர் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். சிலர் டப்பாவை எடுக்கக் கிளம்பினார்கள். அவ்வளவுதான், முடிந்தது என்று அவரும் திரும்பினார். அம்பிகா மெஷினை நிறுத்திவிட்டு அவர் வழியில் வந்து நின்றாள்.

"தமிழ்ல சொல்லுங்க சார்."

"என்னம்மா? அதான் சொல்லிட்டேனே."

"என்னைத் திட்டுனப்போ தமிழ்லதான் திட்டுனீங்க. எல்லாருக்கும் நல்லாப் புரிஞ்சுது. எங்க தெருவரைக்கும் புரிஞ்சுது. இதையும் அப்டியே புரியற மாதிரி சொல்லிட்டுப் போங்க."

அவர் பாயைப் பார்த்தார். பாய் கூரையைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். நான் அவருடைய பென்டிரைவைக் கழற்றி அவரிடம் நீட்டினேன், அவ்வளவுதான் என்னால் முடிந்த உதவி. கிளம்பிப் போனவர்களும் திரும்பி வந்து நின்றார்கள்.

"அம்பிகா மேல தப்பு இல்ல. டப்பா எதுவும் வெக்கல" என்றார் கோதண்டராமன், தன் சட்டைப் பொத்தானைப் பார்த்துக்கொண்டு.

"கேக்கல சார்!" என்று பின்வரிசையில் ஒரு பெண் குரல் வந்தது.

மறுபடி சொன்னார்.